சட்டையை வெட்ட வேண்டாம்

அப்பாவின் உடலுக்கு உடை உடுத்த வந்த ஆள் சட்டையின் முதுகை நடுவில் வெட்டப்போனபோது, அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்க. எப்படிப் போடணும்னு தம்பிக்குத் தெரியும். தினமும் அப்பாகிட்ட போன்ல மெசேஜ்ல பேசுறவன் அவன்தான்."

விறைத்த உடம்புக்கு வழக்கமாக வெட்டித்தான் உடுத்துவார்கள். அந்த ஆள் கத்தரிக்கோலோடு தம்பியைப் பார்த்தான். தம்பி திருதிருவென்று விழித்தான்.

"ஒரு நிமிஷம்க்கா" என்று குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான்.

அவன் லிப்ட் பழுதுபார்ப்பவன். எந்நேரமும் எங்காவது யாராவது மாட்டிக்கொண்டு கத்துவார்கள். அப்பாவோ தையல் கடையை மூடியதிலிருந்து பேச ஆளில்லாமல் நாளைக்கு இருபது செய்தி அனுப்புவார். எட்டு மாதத்துக்கு முன்பு, தன்னைப் போலவே பதில் எழுதும் வேலையைப் போனில் இருந்த செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்தான். விட்டது தொல்லை என்று இருந்துவிட்டான். அதன்பின் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

இப்போது படித்தான்.

"நான் போனா சட்டையை வெட்ட விடாதடா. ஆயுசு பூரா தைச்சவன் நான். நீயே போட்டு விடு."

"கண்டிப்பா நானே போட்டு விடறேன்ப்பா."

"உனக்குத் தெரியுமா?"

"சின்ன வயசுல கடைப் பொம்மையை வச்சு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க!"

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. போன் தன்பாட்டுக்கு அளந்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே அப்பா எழுதியிருந்தார்: "அப்படியா? எனக்கு ஞாபகமே வரலையேப்பா."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"எந்தக் கை முதல்ல?" என்று அக்கா சட்டையை விரித்துப் பிடித்தாள்.

வாய்க்கு வந்த ஏதோ ஒரு கையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவனால் முடியவில்லை.

"தெரியாதுக்கா. அதெல்லாம் நான் எழுதினதே இல்ல. போன் எழுதினது. அந்தப் பொம்மை கதையும் அதுவா கட்டினது."

அக்கா விரித்த சட்டையை மடக்கித் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா அந்தப் பொம்மையை நினைச்சு நினைச்சுப் பார்த்தாருடா. மூளை குழம்பிப்போச்சு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மான்னு எங்கிட்ட அழுதாரு."

அவன் சட்டைக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நீ வெளிய இரு."

பிறகு அந்த ஆளிடம் திரும்பினாள். "அண்ணே, வெட்டாம போட முடியுமா? நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

தம்பி வெளியே வந்து கதவைச் சாத்தினான். உள்ளே அந்த ஆள் தணிந்த குரலில் சொல்வது கேட்டது.

"முடியும்மா, பதறாதீங்க. முதல்ல இடது கை."