பதினைந்து பேருக்கு ஒரு டோக்கன்

பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பகுதியில் பதினைந்து பெண்களுக்கு ஒரே ஒரு டோக்கன். சிவப்பு பிளாஸ்டிக், உள்ளங்கை அகலம். சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, பெல்ட்டில் வரும் பாக்கெட்டுகளை அடுக்க வேண்டும். டோக்கன் இல்லாமல் போனால் நோட்டீஸ். மூன்று நோட்டீஸ் சேர்ந்தால் வேலை காலி. அதே பெல்ட்டில் நிற்கும் பெரியக்காவின் தங்கைக்கு ஏழாம் மாதம்; கையில் ஏற்கெனவே இரண்டு நோட்டீஸ்.

பெரியக்கா என்பது பட்டப்பெயர். பதினொரு வருடமாக பெல்ட்டின் முதல் இடத்தில் நிற்பவளை சூப்பர்வைசரே அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலை டிவிக்காரர்கள் வந்தார்கள். புதிதாகச் சேரும் ஒரு தொழிலாளியின் முதல் நாளைப் படம் பிடிக்கிறார்களாம். அந்தத் தொழிலாளிக்கு ஐம்பது வயது, அடர்ந்த தாடி, மடிப்புக் கலையாத சீருடை. பெரியக்கா அவர் காதைப் பார்த்தாள். வாசலில் மாட்டியிருக்கும் முதலாளி படத்தைத் தினமும் இரண்டு தடவை கடக்கிறவளுக்கு அந்த விடைத்த காது தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்களே என்று சிரிப்பு முட்டியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கற்றுக்கொள்ள வந்தவருக்குக் கற்றுக்கொடுத்தால் போயிற்று.

கொடுத்தாள். பெட்டிக்குப் பன்னிரண்டு பாக்கெட். அவர் மூன்றை அடுக்குவதற்குள் முப்பது தாண்டிப் போயின. பத்தரை மணிக்கு மனிதர் கால் மாற்றிக் கால் நிற்க ஆரம்பித்தார்.

"பெரியக்கா, ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்."

"டோக்கன் வெளியே போயிருக்கு. உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்க."

டிவி இயக்குநர் ஓடி வந்தார். "அம்மா, இவரை மட்டும் விட்டுடுங்களேன்."

"நானா வேணாங்கறேன்? சுவத்துல ஒட்டியிருக்கு பாருங்க, முதலாளி கையெழுத்துப் போட்ட ரூல். அவரை வந்து சொல்லச் சொல்லுங்க, விட்டுடறேன்."

தாடிக்காரர் வாயைத் திறக்க முடியாமல் நின்றார். நாற்பது நிமிடம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்கு வந்தது வேறு, ஆனாலும் தெரிந்துவிட்டது. கடைசியில் டோக்கன் தங்கையின் கைக்கு வந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க போங்கண்ணே, பாவம்" என்று நீட்டிவிட்டாள். அவர் ஓடிய ஓட்டத்தில் தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

மதியம் இயக்குநர் பெரியக்காவைத் தனியாக உட்கார வைத்து, செத்துப்போன கணவரைப் பற்றிக் கேட்டார். கண்ணீர் வந்தால் நன்றாக இருக்குமாம்.

"அவர் போய் ஒன்பது வருஷமாச்சு சார். அழ வேண்டியதை அப்பவே அழுதுட்டேன். டிவிக்குன்னு மிச்சம் வைக்கல." சொல்லிவிட்டு, கண்ணில் விழுந்த மாவைத் தேய்த்தாள்.

மறுவாரம் அவளை முதலாளியின் அறைக்கு அழைத்தார்கள். தாடி போய் கோட்டு வந்திருந்தது. "நான்தான் இந்தக் கம்பெனியோட முதலாளி!" என்றார். அவள் மயங்கி விழுவதைப் பிடிக்க கேமரா கிட்டே வந்தது.

"தெரியும் சார். காதை மறைக்க மறந்துட்டீங்க."

அவர் அசடு வழிந்தார். பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தார்: இரண்டு பேர் வெளிநாடு போய்வரக் கம்பெனியின் பரிசு. பெரியக்கா கணக்குப் போட்டாள். ஏடாகூடமாகப் பேசினால் தங்கையின் வேலையோடு தன் வேலையும் போகும். ஆனாலும் இதை விட்டால் இன்னொரு நாள் கிடைக்காது.

"ஊர் சுத்தறது வேணாம் சார். அந்த டோக்கனைக் கழட்டுங்க. என் தங்கச்சியோட நோட்டீஸ் ரெண்டையும் கிழிங்க."

"கட்! இதெல்லாம் டிவில எடுபடாதும்மா" என்றார் இயக்குநர்.

"ஓடட்டும்" என்றார் முதலாளி. அவர் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு விட்டுக்குடுத்தாங்களே, அந்தப் பொண்ணா?"

"அவளேதான். நீங்க போனப்புறம் இன்னும் கால்மணி நேரம் நின்னா."

அவர் பேனாவைத் தேடினார்.

"கேமரா ஓடும்போதே கையெழுத்துப் போட்டுடுங்க சார். அணைஞ்சா மறந்துடும்."

மறுநாள் காலை சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பத்து மணிக்குத் தங்கை யாரையும் கேட்காமல் பெல்ட்டை விட்டு நகர்ந்தாள். ஓடவில்லை, வயிற்றில் கை வைத்துக்கொண்டு ஆடி அசைந்து போனாள். அவளுடைய பாக்கெட்டுகளையும் சேர்த்து அடுக்கிய பெரியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போது கேமரா எதுவும் இல்லை.

நான்கு மாதம் கழித்து நிகழ்ச்சி வந்தது. பெரியக்காவின் கூடத்தில் பதினைந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். திரையில் வயலின் அழ, பெரியக்கா மாவு விழுந்த கண்ணைத் தேய்த்தாள். வரிசையில் நின்ற நாற்பது நிமிடத்தைக் காணோம். முதலாளி மட்டும் கனிந்த முகத்தோடு, "அந்த டோக்கனை எடுத்துடணும்னு எனக்குத் தோணுச்சு" என்றார்.

"அக்கா, நீ கேட்டதையே காணோமே!" தங்கை கொதித்தாள். "எல்லாம் அவரே யோசிச்ச மாதிரி காட்டறாங்க!"

"பேரு அவருக்கே இருக்கட்டும் விடுடி. வேலை நடந்துச்சா இல்லையா?"

அந்த நேரம் பார்த்து, பெரியக்காவின் மடியில் கிடந்த தங்கை மகள் சேலையை நனைத்துவிட்டாள். பெரியக்கா குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"பாத்தீங்களாடி, டோக்கனே இல்லாம போயிட்டா என் ராசாத்தி!"

பதினைந்து பேரும் சிரித்த சிரிப்பில், முதலாளி அடுத்துப் பேசியது ஒருத்தி காதிலும் விழவில்லை.