பத்து வெற்றுத் தோட்டாக்கள்

ஏரம்பமூர்த்திக்குச் சட்டம் என்றால் உயிர். ஆள்வது வெள்ளைக்காரனா ஜப்பான்காரனா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். நோட்டீஸ் ஒட்டினால் படிக்க வேண்டும், படித்தால் கீழ்ப்படிய வேண்டும். பினாங்கில் குண்டு விழுந்து ஊரே மலைப்பக்கம் ஓடியபோது, துப்பாக்கிக் கிளப்பின் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிய மனிதர் அவர். கிளப்புக்கு அவர்தான் செயலாளர். போலீஸ் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா. ஜப்பான்காரன் வந்த பிறகும் நாற்காலி பறிபோகவில்லை.

துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் ஒப்படைக்கச் சொல்லி முதல் நோட்டீஸ் வந்தது. அட்டையில் வட்டம் வரைந்து குறிபார்த்துச் சுடுவதைத் தவிர வேறு பாவம் அறியாத கூட்டம் அந்தக் கிளப். பாதிப் பேர் சாமானைக் கடலில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். டத்தோ கிராமாட் வட்டாரத்தில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனான வாத்தியார் பீட்டரும் அதற்குத்தான் தயாராக இருந்தான்.

"கடல்ல போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்லா, அண்ணே."

"உனக்கென்ன பைத்தியமா? லைசென்ஸ்ல உன் பேரு இருக்கு. எழுத்துல கொடுத்துட்டா யாரு நம்மளத் தொட முடியும்?"

பீட்டர் கொடுத்துவிட்டான். கிளப் போட்டியில் பரிசு வாங்கிய நாளில் சுட்ட பத்துத் தோட்டாக்களின் வெற்றுக் கூடுகள் மட்டும் அவன் வீட்டில் இருந்தன. மனைவி அக்னஸ் அவற்றில் மெல்லிய மெழுகுவர்த்திகளைச் செருகி மாதா படத்தின் முன் வைத்திருந்தாள்.

"சுட்டு முடிஞ்ச கூடு தோட்டா இல்லன்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கு, வெச்சுக்க. குறிப்புல மட்டும் எழுதிடுறேன்" என்றார் ஏரம்பமூர்த்தி.

எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இவராகவே எழுதினார். பீட்டரிடம் பத்து, தன்னிடம் பிஸ்கட் டின் நிறைய என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டார்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது நோட்டீஸ் வந்தது. மறுபடி வெடிமருந்து நிரப்பக்கூடிய கூடும் இனிமேல் தோட்டாதான். வைத்திருப்பவன் ஆயுதம் பதுக்கியவன். கெடு கிடையாது. ஒட்டிய நிமிடத்திலிருந்தே குற்றம். கடலில் போட்டவர்களிடம் கூடு இருந்ததென்று எந்த ஏட்டிலும் இல்லை. கூடு வைத்திருப்பதாக ஏட்டில் இருந்தவை இரண்டே பெயர்கள்.

மறுநாள் காலை ஜப்பான் அதிகாரியின் மேசைமீது பீட்டரின் பத்துக் கூடுகளும் இவருடைய டின்னும் இருந்தன. கூடுகளில் மெழுகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பீட்டர் சுவரோரமாக நின்றான், உதடு கிழிந்திருந்தது.

அதிகாரிக்குத் துப்பாக்கி தெரியும், தோட்டா நுணுக்கம் தெரியாது. "நீதானே செயலாளர்? இதில் எதை மறுபடி நிரப்பலாம்?" என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டான்.

பீட்டர் இவரைப் பார்த்தான். எதையும் நிரப்ப முடியாது என்று ஒரு வார்த்தை போதும். அது பொய் என்று சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. அதுவும் இவருக்குத் தெரியும்.

ஏரம்பமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். தன் டின்னிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். இது சின்ன ரகம். சுடும்போது விளிம்பு நசுங்கிவிடும், ஒருமுறையோடு சரி. பிறகு பீட்டருடையதை எடுத்துத் திருப்பினார். இதற்கு அடியில் நடுவில் ஒரு மூடி. அதைத் தட்டி எடுத்துப் புதிதாக வைத்தால் மருந்தும் குண்டும் போட்டு ஐந்தாறு தடவைகூடச் சுடலாம். கிளப்பில் புது உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே குரல். எத்தனை தடவை என்று அதிகாரி கேட்கக்கூட இல்லை, பாவி மனுஷன் அதையும் சேர்த்துச் சொன்னார்.

"அண்ணே..." என்றான் பீட்டர். அவ்வளவுதான். இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டின்னைக் குப்பைக்கூடையில் கவிழ்த்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போ என்றான் அதிகாரி. இவர் போய் வேலையைப் பார்த்தார்.

நான்காம் நாள் சிறையில் செத்தவர்களின் பட்டியல் டைப் அடிக்க வந்தது. மூன்றாவது பெயர் பீட்டர். குடும்பத்தாருக்குச் சொல்லக் கூடாது என்று மேலே எழுதியிருந்தது. கீழ்ப்படிவது அவருக்குக் கைவந்த கலை அல்லவா?

அடுத்த வாரம் மூன்றாவது நோட்டீஸ். பித்தளைக்குத் தட்டுப்பாடு. வெற்றுக் கூடுகள் இனிமேல் தோட்டா அல்ல, பழைய உலோகம்; கொண்டுவந்து கொடுத்தால் தண்டனை கிடையாது. அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியவரும் ஏரம்பமூர்த்திதான். கோணாமல் ஒட்டினார்.

மறுநாள் அக்னஸ் ஓட்டமும் நடையுமாக ஆபீசுக்கு வந்தாள். காதில் தோடு இல்லை. கையில் வாழையிலைப் பொட்டலம்.

"நோட்டீஸ் பார்த்தேண்ணே! நீங்க உள்ள எடுத்துச் சொன்னதாலதான மாத்திட்டாங்க? இனி விட்டுடுவாங்கதான? அரிசிச் சோறுண்ணே. கொஞ்சம் அவருகிட்டக் கொடுத்துடுங்க."

சொல்லிவிட வேண்டும் என்று ஏரம்பமூர்த்தி வாயைத் திறந்தார். ஆனால் கைதான் நீண்டு பொட்டலத்தை வாங்கிக்கொண்டது. அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்தார். சோறும் ஒரு துண்டுக் கருவாடும். எட்டு மாதமாக மரவள்ளிக்கிழங்கைத் தின்று வற்றிய வயிறு. முதல் கவளத்தில் அழுதார். இரண்டாவதில் நிறுத்திவிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று முடித்துக் கையைக் கழுவினார்.

மறுநாளும் அவள் பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

"நேத்து சாப்பிட்டாராண்ணே? ஏதாச்சும் சொன்னாரா?"

"சாப்பிட்டான். உப்புதான் கொஞ்சம் கம்மின்னு சொன்னான்" என்றார் ஏரம்பமூர்த்தி.