எத்தனை அடி

மொத்தம் எத்தனை அடி இருக்கும்மா என்று அவர் கேட்டது தரையைத்தான், தரையை மட்டும்தான், ஆனால் அதற்குள் அவள் வாயிலிருந்து ‘பதிமூணு’ என்று வந்து விழுந்துவிட்டது... கார்ப்பெட் போட வந்தவர் அளவு நாடாவை வாசல் கதவிலிருந்து கூடம் வழியாக இழுத்துக்கொண்டே வந்து, சமையலறை நிலையில் நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து, “இருபத்தாறும்மா, பாதியை முழுங்கிட்டீங்களே” என்று சிரித்தார், அவளும் சிரித்து வைத்தாள். நாடாவுக்கு இருபத்தாறு. அவள் புருஷன் காலுக்குப் பதிமூன்று. ஒன்பது வருஷமாக எண்ணுகிற கணக்கு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாது, இதை இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது, சொன்னால்தான் என்ன செய்வார், பாவம், நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போவார்.

சாவி திரும்பும் சத்தம் முதலில் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நல்லவன் கையிலும் சாவி அப்படித்தான் திரும்பும். அப்புறம் ஷூவைக் கழற்றி வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பை மாட்டுவான் (வாயில் ‘அவர்’, மனசுக்குள் எப்போதோ ‘அவன்’ ஆகிவிட்டது), அதன் பிறகுதான் விஷயமே. சப், சப், என்று ஒரே சீராக வந்தால் பயமில்லை, தண்ணீர் கேட்பான், மகளின் நோட்டை வாங்கிப் பார்ப்பான். இடது செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தால் அவ்வளவுதான், ஏழாவது அடியில் ஒரு டைல் ஆடும், டக், அதற்குள் அடுப்பை அணைத்திருக்க வேண்டும், கொதிக்கிற பாத்திரத்தைச் சுவர்ப் பக்கம் தள்ள வேண்டும், கத்தி இழுப்பறைக்குள், மகள் குளியலறைக்குள், “போய்ப் பல் தேய், தாழ்ப்பாளைப் போட்டுக்கோ.” எட்டு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் பல் தேய்க்கும்... பரவாயில்லை, பல் சுத்தமாக இருக்கிறது, அவளுக்கு எதுவும் தெரியாது, அது ஒன்றுதான் நிம்மதி.

அந்த ஆடும் டைலைக்கூடக் கார்ப்பெட்காரர் கண்டுபிடித்துவிட்டார். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, அடியில் பசையை விட்டு, மேலே ஒரு கனமான டப்பாவைத் தூக்கி வைத்தார், “இதை அப்படியே விட்டா மேல போடறதும் சேந்து ஆடும்மா.” நல்ல வேலைக்காரர். வேலை சுத்தமாக ஆக ஆக அவள் காதுக்கு ஒவ்வொரு சத்தமாகக் குறைந்துகொண்டு வந்தது. கம்பளத்துக்கு அடியில் போடும் கருப்பு நிற ஃபோமை விரித்தார், “இது இருந்தா யானை நடந்தாலும் சத்தம் கேக்காது, கீழ் வீட்டுக்காரங்க உங்களை வாழ்த்துவாங்க.” யானை வந்தால் கண்ணுக்காவது தெரியும் ஐயா.

எல்லாம் ஒரு பொய்யிலிருந்து வந்தது. போன மாதம் அவள் தலை சமையலறைப் பக்கத்துச் சுவர் முனையில் பட்டபோது, புருவத்துக்கு மேல் மூன்று தையல், வழுக்கி விழுந்துட்டா என்று மருத்துவரிடம் அவன்தான் சொன்னான், கீழ் வீட்டில் சொன்னான், தன் அக்காவிடம் சொன்னான், அந்த நாத்தனார் உண்மையாகவே பதறிப் போய், “வழுக்குற தரைன்னு தெரியுதுல்ல, ஒரு கார்ப்பெட்டைப் போட்டுத் தொலையேன்டா” என்று திட்டினாள். போட்டுவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் இப்போது சோற்றுக்கு மேல் கம்பளமும் விரிக்கிறான். சுவருக்குக்கூட நேற்றே வெள்ளை அடித்தாயிற்று, தலை பட்ட இடம் எது என்று அவளாலேயே இப்போது காட்ட முடியாது. கம்பளம் பாசிப் பச்சை. கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு கடை வாசலில் நின்று, இந்தப் பச்சை நல்லாயிருக்கு என்று அவள் சொன்னாளாம், அவளுக்கே மறந்துவிட்டது, அவனுக்கு மறக்கவில்லை, “உனக்குப் பிடிச்ச கலர்” என்று மாதிரித் துணுக்கைக் கையில் வைத்தபோது அவன் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை, அதுதான் அவளுக்குப் பயம். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பச்சையை மறக்காதவன் வேறு எதை மறப்பான்?

“ஐயா... சமையலறைகிட்ட கொஞ்சம் இடம் விட்டுட முடியுமா?” கேட்டேவிட்டாள். “எவ்வளவு?” “ஒரு நாலடி... எண்ணெய் கிண்ணெய் சிந்தும், அதான்.” நாலடி வெறும் தரை, இரண்டு சப், அடுப்பை அணைக்க அது போதாதா, போதும், பழகிக்கொள்ளலாம். அவர் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார், அவள் புருவத்துத் தழும்பைப் பார்த்தார், “விழுந்ததே இங்கதான்னு சார் சொன்னாரேம்மா, இங்கதான் முக்கியமா போடணும்னாரு. இருங்க, எதுக்கும் அவரை ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். “ஐயோ வேணாம், வேணாங்க, நான் சும்மா கேட்டேன், முழுசாவே போட்டுடுங்க.” குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதோ? போன் பைக்குள் திரும்பிப் போகும் வரை அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் குனிந்து, சுவரோரம் மயிரிழை இடைவெளி இல்லாமல் பச்சையை அமுக்கிக்கொண்டே வந்து சமையலறை நிலையில் முடித்தார்.

அவர் போய்விட்டார். மணி ஐந்தே கால், ஆறு மணிக்குச் சாவி. அழகாகத்தான் இருக்கிறது, யார் வந்தாலும் வாயைப் பிளப்பார்கள், ரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்பு என்பார்களே, அது இதுதான் போலிருக்கிறது... மகள் பள்ளியிலிருந்து வந்து கம்பளத்தில் இரண்டு குட்டிக்கரணம் போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாள். இவள் அடுப்பைப் பார்த்து நின்றாள், முதுகு முழுக்கக் காதாக இருந்தது, கேட்பதற்குத்தான் ஒன்றுமில்லை. அடுப்பை இந்தப் பக்கம் திருப்பி வைத்தால்? எதிரே ஒரு கண்ணாடி மாட்டினால்? எதற்குக் கண்ணாடி என்று கேட்பான். அவன் குளித்துவிட்டு வரும்போது, தூங்கி எழுந்து வரும்போது, சாவியும் கிடையாதே, அப்போது எப்படி...

இடுப்பில் ஒரு கை பட்டது. கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, இரண்டு கையும் தலைக்கு மேல் போய்விட்டன, கண் இறுக மூடிக்கொண்டது.

“நான்தாம்மா” என்றாள் மகள். அழவில்லை, பயப்படவும் இல்லை, கரண்டியை எடுத்து மேடைமேல் வைத்தாள், பழக்கப்பட்ட காரியம் போல. “கதவுலேருந்து எனக்குப் பத்தொம்பது அடி. அப்பாவுக்குப் பதிமூணு.”

“நீ... நீ எதுக்குடி எண்ணுறே?”

“நீ எண்ணுவியே. வாய் அசையுமே.”

அவள் மேடையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் அத்தனை தடவை பல் தேய்த்ததும்... தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு இதுவும் எண்ணிக்கொண்டுதான் நின்றிருக்கிறது.

“அம்மா, இப்ப நான் வந்தது உனக்குத் தெரியவேயில்லல்ல? போனதும் தெரியலை. வாசல் வரைக்கும் போய்ச் செருப்பெல்லாம் மாட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

போனதும் தெரியவில்லை. மகளின் தலைக்கு மேலாக அவள் பார்த்தாள், நிலையிலிருந்து கதவு வரைக்கும் ஒரே பச்சை, நடந்து போன பிள்ளையின் சுவடுகூட இல்லை, கதவருகில் அந்தச் சின்னச் செருப்பு மட்டும் வெளியே பார்த்தபடி கிடந்தது. மணி ஐந்தரை. ஒன்பது வருஷம் எண்ணியதெல்லாம் வருகிற கால்களைத்தான், இங்கிருந்து கதவுக்குத் தனக்கு எத்தனை அடி என்று ஒரு நாளும் அவள் எண்ணிப் பார்த்ததில்லை.