இருநூறு வட்டிலப்பமும் ஒரு இரும்பு மூடியும்

இப்போது இரவு ஒரு மணி. என் கட்டிலில் நாற்பது கோப்பை வட்டிலப்பம் படுத்திருக்கிறது. நானும் ஷஹீமாவும் கீழே பாயில். அவள் சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடிக்கிறாள். எனக்கும் சிரிப்புத்தான், ஆனால் இதெல்லாம் நான் செய்த வேலை. அது அவளுக்கு இன்னும் தெரியாது.

எங்கள் லேன் வெள்ளவத்தைக் கால்வாயில் போய் முடிகிறது. லேனுக்கு அடியில் ஓடும் மழைத்தண்ணீர்க் குழாயின் வாயில் ஒரு இரும்பு மூடி தொங்குகிறது. உள்ளேயிருந்து மழைத்தண்ணீர் தள்ளினால் திறக்கும். கால்வாய் உயர்ந்தால் அந்தத் தண்ணீரே தள்ளி மூடிவிடும், லேனுக்குள் வராது. நல்ல மூடிதான். ஆனால் என் ஜன்னலுக்கு நேர்கீழே இரவெல்லாம் 'டங், டங்' என்று அடிக்கும். அடுத்த வாரம் கணக்குப் பரீட்சை. செவ்வாய்க்கிழமை இறங்கிப்போய், என் பழைய பள்ளி டையால் மூடியைத் தூக்கி வேலிக் கம்பியோடு கட்டிவிட்டேன். மூன்று இரவு அருமையான நித்திரை.

இன்று பின்னேரம் மழை கொட்டியது. ஆறு மணிக்கு லேன் வடிகானுக்குள்ளிருந்து தண்ணீர் குமிழியடித்து மேலே வந்தது. கூடவே யாருடையதோ ஒரு செருப்பு. கீழ்வீட்டு லுத்பியா ஆன்ட்டிதான் ஷஹீமாவின் உம்மா. நாளைக் கல்யாண வீட்டுக்குக் கொடுக்க முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த இருநூறு கோப்பை வட்டிலப்பத்தைத் தரையில் பரப்பி ஆறவைத்திருந்தார்.

"புள்ள, தண்ணி வாற! வட்டிலப்பத்தத் தூக்குங்க, என்ன உட்டாலும் பரவால்ல!"

எல்லோரும் மாடிக்குத் தூக்கினோம். எங்கள் மேசை, டீவி மேல், தையல் மெஷின், எல்லாம் நிறைந்தது. அம்மா சாமியறைக் கதவைத் திறந்தார்.

"முட்டை போட்டதைச் சாமியறைக்கையோ வைக்கிறது?" என்றார் அப்பா.

"பிள்ளையார் இண்டைக்குக் கண்ணை மூடிக்கொள்ளுவார். நீங்கள் தட்டைப் பிடியுங்கோ."

படியில் அப்பா நின்று யோசித்தார். "மூடி இருக்கேக்க கனால் தண்ணி எப்பிடித் திரும்பி வருது?"

நான் தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு, மீன் வெட்டும் கத்தரிக்கோலோடு ஓடினேன். டையை வெட்டினேன். மூடி தண்ணீருக்குள் தடாலென்று விழுந்தது. டையின் பாதி இன்னும் கம்பியில் தொங்குகிறது, என் பெயர் தைத்த பாதி.

தண்ணீர் ஏறுவது நின்றது. ஆனால் இறங்கவில்லை! மூடி மூடினால் எங்கள் மழைக்கும் வெளியே போக வழியில்லை. கால்வாய் இறங்கினால்தான் திறக்கும். ஆன்ட்டி வீட்டு வாசற்படிக்கு ஒரு விரல் கீழே அப்படியே நிற்கிறது. வடியாவிட்டால் விடிய ஆறு மணிக்கு வட்டிலப்பம் ஏற்றும் வேன் லேனுக்குள் வராது. ஆன்ட்டி கல்யாண வீட்டுக்கு என்ன சொல்லுவார்?

பொறுக்க முடியவில்லை. ஷஹீமாவின் காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன்.

தலையணை கீழே விழுந்தது. "அல்லாஹ்வே, நீயா? உம்மா ஒன்ன வட்டிலப்பத்தோட சேத்து அவிக்கும்டி!"

"மெதுவா! சிரிக்காதை."

"நான் சிரிக்கல்ல," என்று சிரித்தாள். "எனக்கும் ஒன்டு சொல்ல ஈக்கி. டீவி மேல இருந்ததுல ஒன்ட நான் திண்டுட்டன்."

இருவரும் போர்வைக்குள் குலுங்கினோம். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு ஜன்னலுக்குக் கீழே,

டங்.

மூச்சைப் பிடித்தோம். டங். டங். கான் களகளவென்று உறிஞ்சியது. மூன்று இரவு நான் அடக்கிவைத்த சத்தம். இப்போது எழுந்து ஆடலாம் போலிருந்தது. ஆட இடமில்லை, வட்டிலப்பம்.

"தண்ணி போற!" என்று படியில் ஆன்ட்டியின் குரல்.

எழுந்து வெளியே போனேன். "ஆன்ட்டி, மூடியைக் கட்டினது நான்தான். சத்தத்தில நித்திரை வரேல்லை எண்டு."

ஆன்ட்டி டார்ச்சை என் முகத்தில் அடித்தார்.

"அதான் மூணு நாளா நானும் நல்லாத் தூங்கின," என்றார். "இனிக் கட்டினா கால முறிப்பன். இப்ப வா, இருநூறையும் கீழ எறக்கோணும். நீதான் எறக்குற."

உள்ளே ஷஹீமா மெல்லச் சொன்னாள்: "நூத்தித் தொண்ணூத்தொம்பது."