கடல் மட்டம்

தீவுக்குப் போவது என்று முடிவானதிலிருந்து லிப்ட் மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிழைப்பு முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸ் நாற்றத்தோடு நின்றவர். வெயில், மணல், உப்புத் தண்ணீர் என்றால் சின்னப் பிள்ளையாகிவிடுவார். நீச்சல் அவருக்கு ஒரு பித்து. பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் மனைவியோ தண்ணீரைக் கண்டாலே கரையோடு நின்றுவிடுவாள். கல்யாணமான புதிதில் ஏரிக்கரையில் அவருடைய செருப்புக்குக் காவல் இருந்ததோடு சரி.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்து அவரே அடுக்கினார். கால்சட்டைகளைச் சுருட்டி ஓரமாகச் செருகினார். வெயிலுக்குப் பூசும் களிம்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிந்தார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சாவி வாங்க வந்திருந்த அவருடைய அக்கா, நாற்காலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், டூல் பாக்ஸ் அடுக்குற மாதிரியே அடுக்குறியே!"

"இடம் வீணாகக் கூடாதுக்கா."

மனைவி அலமாரியிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்துவந்து பெட்டியில் வைத்தாள். அவர் அதை எடுத்து உதறி விரித்தார். கருநீல நீச்சல் உடை. முழங்கை வரை கை, முழங்கால் வரை கால்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

சொல்லும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவர் மேற்கொண்டு ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தாள் போல.

சிரிக்க அக்கா இருக்கிறாள். அவருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"நீ எறங்குனா கடல் மட்டம் ஏறிடும்மா. தீவுல இருக்கறவன்லாம் மூட்டை முடிச்சோட மேட்டுக்கு ஓடணும்!"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவம்டா அவ" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். அவர் கையிலிருந்த உடையை மெல்ல வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்தாள்.

"எனக்குச் சுடிதாரே போதும்" என்றாள்.

அந்த இடத்தில் அவர் இன்னொரு துண்டைச் செருகிப் பெட்டியை மூடினார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் நேராகத் தீவுக்கே வந்து சேர்ந்துகொண்டாள். மறுநாள் காலை மூவரும் கடற்கரைக்குப் போனார்கள்.

"அம்மா, இன்னும் மாத்தலையா?"

"அதை எடுத்துட்டு வரலடி" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கப் போய்விட்டாள் அம்மா.

மகள் அப்பாவிடம் திரும்பினாள். "என்னப்பா ஆச்சு? மாசக்கணக்கா நீச்சல் கத்துக்கிட்டாங்கப்பா. வேலை முடிஞ்சு நேரா நீச்சல் குளத்துக்குத்தான் போவாங்க. கடல்ல திடீர்னு உங்க பக்கத்துல வந்து நின்னு அசத்தணும்னு, உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

மனைவி தாமதமாக வந்த சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக அவருக்கு நினைவுக்கு வந்தன. தலை ஏன் ஈரமாக இருக்கிறது என்று ஒருநாள் கேட்டதற்கு, வேர்வை என்றாள். அந்த உடையும் புதிதில்லை. முட்டியில் வெளுத்திருந்தது, குளோரின் வாடை அடித்தது. லிப்ட் கயிறு தேய்ந்திருப்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர், கையில் பிடித்து விரித்தும் கவனிக்கவில்லை.

கரையோரக் கடைக்கு ஓடினார். கிடைத்த நீச்சல் உடையை வாங்கிவந்து மனைவியிடம் நீட்டினார். அவள் தோளில் வைத்துப் பார்த்தாள்.

"அளவு சரியாத்தான் இருக்கு. ஆனா வேணாங்க."

"நான் விளையாட்டுக்குச் சொன்னேம்மா."

"தெரியும். எப்பவும் விளையாட்டுக்குத்தானே சொல்வீங்க."

"தப்புதான். மன்னிச்சுக்க." இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் அவளிடம் சொன்னதில்லை.

"கோவமெல்லாம் இல்லைங்க" என்றாள். குரலிலும் கோபம் இல்லைதான். "குளத்துல மொதல் தடவை எறங்குறப்போ, நான் எப்படி இருக்கேன்னு யாரும் பாக்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் எறங்குனேன். இப்போ அப்படிச் சொல்லிக்க வரல. அவ்வளவுதான்."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"போங்க, போய் நீந்துங்க. இதுக்குத்தானே வந்தோம்."

போகாவிட்டால் தன்னைத் தேற்றுகிற வேலையும் அவள் தலையில் விழும் என்று தோன்றியது. எழுந்து போனார்.

தண்ணீர் வெதுவெதுப்பாக, அடிமணல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. அவர் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது. வெகுதூரம் நீந்திவிட்டுத் திரும்பிக் கையை உயர்த்தினார். கரையில் மகள் ஏதோ சொல்ல, மனைவி தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருவரும் கடல் பக்கம் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்துவிட்டு, கீழே இறக்கினார்.