பிறை தெரியும் இடம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வெள்ளவத்தையில் என் பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் ஷிஹாரா, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடலை ஒரே கன்வஸில் ஓவியமாகக் கீறிக்கொண்டிருக்கிறாள். எதிரே எழும்பும் தொடர்மாடிக் கட்டடம் ஒரு தட்டு உயர்ந்தால், படத்திலும் கடலின்மேல் ஒரு தட்டுச் சாம்பல் நிறம் பூசுவாள். அவள் அத்தனை தட்டுப் பூசிய காலத்தில் நான் ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

முதல் தொடக்கம்: "கடலை விழுங்க வந்த அரக்கனைப் போல அந்தக் கட்டடம்..."

[வெட்டியாயிற்று. எங்கள் ஃபிளாட் எழும்பியபோது பின்வீட்டுக்காரரின் கடலும்தான் போனது. அவர்கள் எங்களைப் பற்றி என்ன எழுதினார்களோ.]

2

ஷிஹாராவின் கணவர் பௌஸி நானா. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின் நாற்காலியை விட்டு எழும்ப முடியாது. ஆனாலும் நோன்புப் பிறையை ஒவ்வொரு வருடமும் அந்த ஜன்னலிலிருந்து தன் கண்ணால் பார்த்துவிடுவார். பிறை தெரிந்ததென்ற வானொலி அறிவிப்பெல்லாம் அவருக்குப் பிறகுதான்.* இப்போது வெளியிலும் படத்திலும் மிச்சம், ஒரு கீற்று வானம்.

* இவரை நான் முதலில் நம்பவில்லை. கதைக்கு இவ்வளவு வசதியாக யாரும் அமைவதில்லை. முன்கோபக்காரராக மாற்றிப் பார்த்தேன். எழுத எழுதச் சிரித்துக்கொண்டே வந்தார்.

போன கிழமை கடைசித் தட்டுக்குத் தூண்கள் எழும்பின. ஷிஹாரா தூரிகையை எடுத்தாள்.

"அந்த எடத்த மட்டும் உட்டுருங்க," என்றார் நானா.

"தெரியிறதத்தான் நான் கீறுவேன். பொய் கீற மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போய்விட்டாள்.

3

முடிவு ஒன்று: தூண்களுக்கு நடுவே பிறை தெரிகிறது. அழகுதான், அதனாலேயே சந்தேகம்.

முடிவு இரண்டு: வானொலி முந்திக்கொள்கிறது. நானா முகத்தைத்...

[முடியவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.]

4

இன்று பிறை பார்க்கும் நாள். அந்தத் தட்டுக்குப் பாதிச் சுவர் வைத்துவிட்டார்கள். மிச்சப் பாதியில் பிறை வருமா என்று யாருக்கும் தெரியாது. பொய் கீறாத ஷிஹாரா படத்தில் அந்தக் கீற்றை இன்னும் மூடவில்லை.

"படத்தில பாத்த பிறைக்கு நோன்பு புடிக்க ஏலுமா?" என்று நானா சிரிக்கிறார். கண் என்னவோ படத்தில்தான் இருக்கிறது.

சூரியன் மறைந்து மஃரிபு ஆக இன்னும் கொஞ்ச நேரம்.

"மயூரி, கதிரைய எந்தப் பக்கம் திருப்ப?" என்று என்னிடம் கேட்கிறாள் ஷிஹாரா, நானாவின் நாற்காலியைக் காட்டி.

ஜன்னலுக்கா, படத்துக்கா? எழுதுகிறவள் நான்தான், இருந்தும் எனக்குக் கை வரவில்லை. ஆளோடு சேர்த்துக் கதிரை நல்ல பாரம். ஒரு பக்கம் நான் பிடித்திருக்கிறேன். மற்றப் பக்கம் நீங்கள் பிடியுங்கள். நீங்கள் திருப்பும் பக்கம் நானும் வருகிறேன்.