கல்லீரலின் நேரம்

யூஜென் தினமும் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு விழித்துக்கொண்டாள். கணவன் குவோலியாங் அவளைச் சீனாவின் செங்டூ நகரில் நாடி பார்க்கும் ஃபெய் டாக்டரிடம் அழைத்துப்போனான்.

அவளுடைய இடது மணிக்கட்டில் விரல்களை வைத்துப் பார்த்த டாக்டர், "எங்க வைத்தியத்துல ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நேரம் உண்டு. நீ முழிக்கிறது கல்லீரலோட நேரம்மா. உள்ள கோபம் தேங்கிக் கிடக்கு. அதை வெளிய விட்டாத்தான் தூக்கம் வரும்," என்றார்.

குவோலியாங் சிரித்தான். "இவளுக்குக் கோபமா? இருபது வருஷமா என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல, டாக்டர்."

"எங்கம்மா சாகக் கிடந்தப்ப நீங்க என்னை அனுப்பல," என்றாள் யூஜென். "செத்த பிறகும் அனுப்பல."

"பாத்தீங்களா, வியாதி முத்திடுச்சு," என்றான் அவன் டாக்டரிடம். "மருந்தைக் கொஞ்சம் தூக்கலாவே குடுங்க."

டாக்டர் மூலிகைகளை நிறுத்துக் கட்டிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து குவோலியாங்கே கஷாயம் காய்ச்சினான். கடைசிச் சொட்டையும் அவள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றான்.